அவசர சிகிச்சைப் பிரிவில் தெரியவரும் சர்க்கரை நோய்: குடும்பத்தார் கவனத்திற்கு

சர்க்கரை நோய் பல ஆண்டுகள் சத்தமே இல்லாமல் உடலில் தங்கியிருக்கக் கூடியது. வலி இல்லை, காய்ச்சல் இல்லை. அதனால் "எனக்கு ஒன்றுமில்லை" என்று சொல்லும் அத்தாவையோ உம்மாவையோ பரிசோதனைக்கு அழைத்துச் செல்வது நம் வீடுகளில் லேசான காரியமல்ல. உலகில் சர்க்கரை நோயுள்ள பெரியவர்களில் பத்தில் நான்கு பேருக்கு மேல் தமக்கு அது இருப்பதே தெரியாது என்கிறது சர்வதேச நீரிழிவுக் கூட்டமைப்பு 2025ல் வெளியிட்ட கணக்கு. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆய்வு 2023ல் வெளியானபோது, நம் நாட்டில் 10 கோடிக்கும் மேற்பட்டோருக்கு இந்நோய் இருப்பதாக மதிப்பிட்டது.

நோய் இருப்பது தெரியாதவர்கள் மருத்துவமனைக்கு வருவது பெரும்பாலும் வேறு காரணத்துக்காகத்தான். வழுக்கி விழுந்திருப்பார், நெஞ்சு வலி வந்திருக்கும், காலில் புண் ஆறாமல் இருக்கும். அவசர சிகிச்சைப் பிரிவில் எப்படியும் இரத்தம் எடுக்கிறார்கள். அந்த இரத்தத்திலேயே சர்க்கரை நோயையும் பார்த்துவிட்டால் என்ன?

ஆஸ்திரேலியாவின் சிட்னி நகருக்கு மேற்கே உள்ள பிளாக்டவுன் மருத்துவமனையில் இதைச் செய்து பார்த்தார்கள். தெற்காசியக் குடும்பங்கள் நிறைய வாழும் பகுதி அது. இலங்கைத் தமிழர்களும் அங்கே இருக்கிறார்கள். ஆறு வார காலத்தில், அவசரப் பிரிவில் எடுக்கப்பட்ட 1,200க்கும் மேற்பட்டோரின் இரத்தத்தில் எச்பிஏ1சி என்ற அளவையும் பார்த்தனர். முடிவுகள் 2016ல் வெளியாயின. நூற்றுக்கு 38 பேருக்குச் சர்க்கரை நோய் இருந்தது. அவர்களில் ஏறத்தாழ மூன்றில் ஒருவருக்கு அன்றுதான் அது தெரியவந்தது. அவசரப் பிரிவுக்கு வருவோரில் வயதானவர்களும் நோயாளிகளும் அதிகம் என்பதால் இதை ஊர் முழுவதற்குமான கணக்காக எடுத்துக்கொள்ளக் கூடாது. ஆனால் தேட வேண்டிய இடம் எது என்பதை இது காட்டிவிட்டது.

விரலில் குத்திப் பார்க்கும் சாதாரணச் சர்க்கரை அளவு இங்கே ஏன் போதாது? விபத்து, மாரடைப்பு, கடும் காய்ச்சல் ஆகியவற்றின்போது உடலில் சுரக்கும் ஹார்மோன்கள் நோய் இல்லாதவருக்கும் சர்க்கரையைத் தற்காலிகமாக ஏற்றிவிடும். ஆஸ்துமாவுக்குக் கொடுக்கும் ஸ்டீராய்டு மருந்தும் ஏற்றும். எச்பிஏ1சி அப்படியல்ல; கடந்த இரண்டு, மூன்று மாதங்களின் சராசரியை அது காட்டுகிறது. வெறும் வயிறும் தேவையில்லை. 5.7க்குக் கீழே இருந்தால் இயல்பு, 5.7 முதல் 6.4 வரை முன்நிலை, 6.5 அல்லது அதற்கு மேல் சர்க்கரை நோய். அறிகுறி இல்லாதவருக்கு இன்னொரு பரிசோதனையும் செய்துதான் உறுதிப்படுத்துவார்கள். இரத்தச்சோகை உள்ளவர், அண்மையில் இரத்தம் ஏற்றப்பட்டவர், கர்ப்பிணி ஆகியோருக்கு இந்த அளவு தவறாகக் காட்டலாம். எனவே விபத்தில் அதிக இரத்தம் இழந்தவருக்கு வேறு பரிசோதனைகளை மருத்துவர் சொல்வார்.

எல்லோருக்கும் இப்படிப் பார்ப்பது சரிதானா என்ற விவாதமும் மருத்துவர்களிடையே உண்டு. உயிருக்குப் போராடுபவரைக் கவனிக்க வேண்டிய இடத்தில் கூடுதல் வேலை எதற்கு என்பது ஒரு கேள்வி. கண்டுபிடித்த பிறகு யார் தொடர்ந்து கவனிப்பது என்பது அதைவிடப் பெரிய கேள்வி. நம் பார்வையில் காரியம் கெடுவது இந்த இரண்டாவது இடத்தில்தான். கை எலும்புக்குக் கட்டுப் போட்டு வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். டிஸ்சார்ஜ் சம்மரியின் ஒரு மூலையில் சர்க்கரை 230 என்று இருக்கும். எக்ஸ்ரே படத்தைத் திரும்பத் திரும்பப் பார்க்கும் நாம் அந்த வரியைப் படிப்பதில்லை. தாளோ இன்சூரன்ஸ் ஃபைலுக்குள் போய்விடும்.

ஆகவே 35 வயது கடந்தவர், பெற்றோருக்குச் சர்க்கரை உள்ளவர், வயிறு பெருத்தவர், கர்ப்பகாலத்தில் சர்க்கரை இருந்த பெண் என யாரை அவசரப் பிரிவில் சேர்த்தாலும், நிலைமை சற்றுச் சீரானதும் "எச்பிஏ1சி பார்க்க முடியுமா?" என்று மருத்துவரிடம் கேளுங்கள். வீட்டுக்கு வரும்முன் சர்க்கரை அளவு என்ன என்று கேட்டு எழுதி வாங்குங்கள். அளவு கூடியிருந்தால் ஓரிரு வாரங்களுக்குள் அதே தாளோடு குடும்ப மருத்துவரிடம் போங்கள். ஆரம்ப சுகாதார நிலையத்துக்கும் போகலாம். தமிழ்நாட்டில் அங்கே சர்க்கரைப் பரிசோதனையும் மாத்திரையும் இலவசம்.

பெண்ணுக்குச் சர்க்கரை என்று தெரிந்தால் சம்பந்தம் கைநழுவிவிடும் என்று பரிசோதனையையே தவிர்க்கும் வீடுகள் உண்டு. நோய் வந்தால் மருத்துவம் செய்துகொள்ளும்படி நபி (ஸல்) அவர்கள் நமக்கு ஏவியிருக்கிறார்கள். உடல் அல்லாஹ் தந்த அமானிதம். நிகாஹ் பேச்சுக்குப் பயந்து மறைத்த சர்க்கரை, கர்ப்பகாலத்தில் தாயையும் சிசுவையும் சேர்த்தே தாக்கும்.

சில நேரங்களில் சர்க்கரை நோயே அவசரமாக வரும். அடங்காத தாகம், அடிக்கடி சிறுநீர், உடல் மெலிவு, அதோடு வாந்தி, வயிற்று வலி, வேகமான மூச்சு என்றால், குறிப்பாகப் பிள்ளைகளுக்கு இப்படி இருந்தால், அஜீரணம் என்று கஷாயம் கொடுத்துக் காத்திருக்காதீர்கள். நீண்டகாலச் சர்க்கரை உள்ளவருக்கு நெஞ்சு வலியே இல்லாமல் மாரடைப்பு வரக்கூடும். திடீர் வியர்வையும் மூச்சுத் திணறலும் கண்டால் 108ஐ அழையுங்கள்.

ரமலானில் பலர் நம்மிடம் கேட்பது, இரத்தம் எடுத்தால் நோன்பு முறியுமா என்பது. ஷாஃபிஈ, ஹனஃபி ஆகிய இரு மத்ஹபுகளிலும் பரிசோதனைக்காக இரத்தம் எடுப்பதால் நோன்பு முறியாது; விரலில் குத்திப் பார்ப்பதும் அப்படியே. சர்க்கரை நோயாளி நோன்பு வைத்திருக்கும்போது அளவு 70க்குக் கீழே இறங்கினாலோ 300க்கு மேல் ஏறினாலோ நோன்பை விட்டுவிட வேண்டும் என்பது மருத்துவ வழிகாட்டுதல். அப்படி விட்ட நோன்பைப் பிறகு களாச் செய்துகொள்ளலாம். களாச் செய்யவே இயலாத நிலையில் இருப்பவருக்கு ஃபித்யா உண்டு. அவரவர் நிலையைச் சொல்லி உள்ளூர் ஆலிமிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.