திண்டுக்கல்லில் உருவான தளபதி

திருப்பூரிலிருந்து தாராபுரம் வழியே தெற்கு நோக்கிச் சென்றால் திண்டுக்கல் மலைக்கோட்டையை அடையலாம். ஹைதர் அலி எனும் ஆட்சியாளர் உருவானது அங்கேதான். 1749இல் தேவனஹள்ளி முற்றுகையில் தனித்து விளங்கிய அந்த மைசூர்ப் படைவீரர், 1755இல் திண்டுக்கல்லின் பௌஜ்தாராக அமர்த்தப்பட்டார். பாளையக்காரர்களை அடக்குவதே அவருக்கு இடப்பட்ட பணி. அவரோ பிரெஞ்சுக் கைவினைஞர்களைக் கொண்டு ஆயுதச்சாலையும் அமைத்தார். எழுதப் படிக்க அறியாதவர். கணக்கு வழக்குகளைக் கண்டே ராவ் கவனித்தார். (அவரே 1760இல் ஹைதருக்கு எதிராகத் திரும்பியது தனிக்கதை.) அரண்மனையின் படை தளபதியின் படையாக மாறியது இங்கேதான் என்பது நம் கருத்து. 1761இல் மைசூரின் அதிகாரம் முழுவதும் அவர் கைக்கு வந்தது. விடுதலைப் போரில் ஆங்கிலேயரை எதிர்த்து நின்ற அமெரிக்கர், பென்சில்வேனியாவின் போர்க்கப்பல் ஒன்றுக்கு ஹைதர் அலியின் பெயரையே சூட்டினர். 1782 ஏப்ரலில் அது டெலவேர் விரிகுடாவில் ஜெனரல் மங்க் என்ற ஆங்கிலக் கப்பலைக் கைப்பற்றியது.