கள்ளும் செஷன் ஏலும்

போன மாதம் பெங்களூரில் பேரன் வீட்டில் பத்து நாள் இருந்தேன். ஒரு மாலை, பீரைத் தாங்களே காய்ச்சி விற்கும் கடை ஒன்றுக்கு அழைத்துப் போனான். "தாத்தா, இதுக்குப் பேரு செஷன் ஏல். ஆல்கஹால் நாலு சதவீதம்தான். தலைக்கு ஏறாது. உக்காந்து மணிக்கணக்கா பேசிக்கிட்டே குடிக்கலாம்" என்றான்.

"இதைத்தாண்டா உன் கொள்ளுத்தாத்தா பனையடியில் உட்கார்ந்து குடித்தார்" என்றேன். நம்பாமல் சிரித்தான். அவனுக்காகவே இதை எழுதுகிறேன்.

வீட்டில் காய்ச்சும் பீர் நமக்குப் புதிதல்ல. காஞ்சியை ஆண்ட தொண்டைமான் இளந்திரையனைப் பாடும் பெரும்பாணாற்றுப்படையில் அதன் செய்முறையே இருக்கிறது. குற்றாத அரிசியைக் கூழாகக் காய்ச்சி, வாயகன்ற தட்டில் ஆற்றி, நெல்முளையைச் சேர்த்து, இரண்டு பகலும் இரண்டு இரவும் சாடியில் வைத்துப் பிழிவார்கள். ஐரோப்பாவில் வாற்கோதுமை முளையில் செய்வதை இங்கே நெல்முளையில் செய்திருக்கிறார்கள்.

கள்ளுக்கு அந்த வேலையும் இல்லை. பாளை வடிகிற கலயத்திலேயே அது நுரைத்துப் புளிக்கத் தொடங்கிவிடும். கலயத்தில் சுண்ணாம்பு தடவினால் பதநீர், தடவாவிட்டால் கள். போதை ஏறக்குறைய பீர் அளவுதான். மறுநாள் வைத்தால் காடியாகிவிடும். அதனால் அன்றன்றைக்கு, அந்தந்த ஊரிலேயே குடித்து முடிக்க வேண்டிய பானம் அது.

நான் புதுச்சேரியில் பிரெஞ்சு வழியில் படித்தவன். பிரெஞ்சுக்காரர்களும் அதைக் 'கலூ' என்றே சொன்னார்கள். அங்கே கள்ளுக்கடை இன்றும் உண்டு. இந்தப் பக்கம் கதை வேறு. 1937-இல் சேலத்தில் ராஜாஜி தொடங்கிய மதுவிலக்கு 1948-இல் மாகாணம் முழுவதும் வந்தது. நம் புதுக்கோட்டை சமஸ்தானம் இணைந்ததும் அதே ஆண்டுதான். 1971-இல் கடைகள் திறந்தன, 1973-இல் கள்ளுக்கடைகளை மூடினார்கள், 1981-இல் மீண்டும் திறந்தார்கள். 1987 தொடக்கத்தில் கள்ளும் சாராயமும் நின்றன. கள்ளில் கலப்படம் என்று காரணம் சொன்னார்கள். கலப்படம் நடந்ததும் உண்மைதான். ஆனால் 42.8 சதவீத பிராந்தி மட்டும் கடையிலேயே இருந்தது.

என் அக்கா வீட்டுக்காரர் மணமேல்குடிப் பக்கத்து விவசாயி. பொழுது சாய்ந்தால் நாலு பேரோடு உட்கார்ந்து ஒரு மொந்தை, ஊர்க்கதை, பிறகு வீடு. ஒருநாளும் அவர் தள்ளாடிப் பார்த்ததில்லை. கள் நின்ற பிறகு, "மாப்ளே, டவுனிலிருந்து வரும்போது ஒண்ணு வாங்கியா" என்பார். குமாஸ்தா சம்பளத்தில் நானும் வாங்கிப் போனேன். மொந்தை அளவுக்கே பழகிய கை, பிராந்திக்கும் அதே அளவைத்தான் கேட்டது. பேச்சு குறைந்தது. நாலு பேர் வருவதும் நின்றது. ஏழே வருடத்தில் கல்லீரல் கெட்டுப் போய்விட்டார். அக்கா என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டிருந்தால் தேவலை.

குடி நல்லது என்று சொல்ல வரவில்லை. நான் குடிப்பவனும் இல்லை. ஆனால் பேசிக்கொண்டே குடிக்கிற பானம் வேறு, விழுவதற்காகக் குடிக்கிற பானம் வேறு. இந்த வித்தியாசம் பெங்களூரில் கடைப்பலகையில் எழுதும் அளவுக்கு மதிக்கப்படுகிறது. நம் சட்டம் அதைக் கணக்கில் எடுத்ததே இல்லை.

பேரன் அன்று எனக்கும் ஒரு கிளாஸ் சொன்னான். ஒரு வாய் குடித்துவிட்டு வைத்துவிட்டேன். மச்சான் ஞாபகம் வந்துவிட்டது.