வந்தாறுமூலையில் எங்களோடு படித்தவர்கள்

கிழக்குப் பல்கலைக்கழகத்தின் கதை நீண்டதன்று. 1981 ஆகஸ்ட் 1ஆம் திகதி வந்தாறுமூலைப் பாடசாலை வளவில் ஒரு பல்கலைக்கழகக் கல்லூரியாகத் தொடங்கியது. விஞ்ஞானமும் விவசாயமுமே அப்போது இருந்த பீடங்கள். 1986 ஒக்டோபரில் அது முழுப் பல்கலைக்கழகமாயிற்று. அதன்பின் வந்த முதற் சில அணிகளுள் ஒன்று எங்களுடையது. நான் விவசாய மாணவன். 1978 சூறாவளி கூரைகளைப் பிடுங்கியபோது நாங்கள் ஆரம்ப வகுப்புப் பிள்ளைகள். க.பொ.த. உயர்தரம் எழுதும்போது ஊரடங்கு. நாலு வருடப் பட்டத்துக்கு ஏழு வருடம் இருந்தோம்.

எங்கள் அணியைப் பற்றி யார் பேசினாலும் இறந்த திகதிகளையே பேசுகிறார்கள். அந்தப் பேச்சு எனக்குப் பிடிப்பதில்லை. அவர்கள் வாழ்ந்தும் இருக்கிறார்கள்.

படுவான்கரையிலிருந்து வந்த ஒருவன் எங்களோடு படித்தான். மண்முனைத் துறையில் பாதை ஏறி வருவான். பாதை என்பது இங்கே வாவியைக் கடக்கும் மிதவை. 2014இல் பாலம் திறக்கும் வரை அந்தத் துறைக்கு அதுவே கதி. லீவு முடிந்து வரும்போது கையில் எருமைத் தயிர் முட்டி இருக்கும். "பாதையத் தவறவிட்டா பஸ்சும் போயிரும் மச்சான்" என்று வியர்வையைத் துடைத்துக்கொண்டு சொல்லுவான். விரிவுரையாளர் மண்ணின் வகைகளை ஆங்கிலத்தில் எழுத, இவன் பக்கத்திலிருந்து 'இருவாட்டி', 'களி' என்று முணுமுணுப்பான். தன் ஊர் வட்டையில் எந்த வரம்பு முன்மாரிக்கு உடையும் என்று அவனுக்குத் தெரியும். அவனுடைய மாமன் வடமோடி அண்ணாவியார். இரவில் விடுதி மேசையே மத்தளம். பரீட்சைக்கு முதல்நாளும் அடித்தான்; நாங்கள் திட்டிக்கொண்டே கேட்டோம்.

1990 ஜூனில் போர் மீண்டும் மூண்டது. ஊருக்குப் போனவன் திரும்பவில்லை. என்ன நடந்ததென்று பெற்ற தாய்க்கே தெரியாது.

அந்த வருடம் வளாகமே அகதி முகாமாயிற்று. விரிவுரை மண்டபங்களில் பல்லாயிரம் பேர் பாய் விரித்தார்கள். விரிவுரையாளர்கள் அரிசி பங்கிட்டார்கள். செப்டெம்பர் 5ஆம் திகதி இராணுவம் முகாமைச் சுற்றிவளைத்தது. அகதிகளை வரிசையில் விட்டு, முகமூடியிட்ட தலையாட்டிகளின் முன்னால் நடத்தி, 158 பேரைக் கொண்டுபோனது. பின்னர் ஜனாதிபதி ஆணைக்குழு விசாரித்துப் பதிவுசெய்த எண்ணிக்கை அது. ஒருவரும் திரும்பவில்லை.

ஏறாவூர் நண்பனையும் சொல்லவேண்டும். எங்கள் பக்கத்து நினைவுக் கூட்டங்களில் இதை விழுங்கிவிடுகிறார்கள். அதே 1990 ஆகஸ்டில் காத்தான்குடிப் பள்ளிவாசல்களில் தொழுதவர்களையும், அடுத்த வாரம் ஏறாவூரில் உறங்கியவர்களையும் விடுதலைப் புலிகள் கொன்றார்கள். இரண்டு ஊரிலும் நூற்றுக்கு மேற்பட்ட உயிர்கள். படிப்பு மறுபடி தொடங்கியபோது அவன் வந்தான். பழைய வாங்கிலேயே இருந்தான். யார் முதலில் கதைப்பதென்று தெரியாமல் இரண்டு நாள் போயிற்று. மூன்றாம் நாள் அவன்தான் திரும்பி, விட்டுப்போன குறிப்புகளைக் கேட்டான். என் கொப்பியைக் கொடுத்தேன். வேறெதுவும் அன்று பேசவில்லை.

பல்கலைக்கழகத்தின் இழப்பு எங்கள் அணியோடு நிற்கவுமில்லை. துணைவேந்தராயிருந்த பேராசிரியர் சிவசுப்பிரமணியம் ரவீந்திரநாத் 2006 டிசம்பர் 15ஆம் திகதி கொழும்பில் காணாமற்போனார்.

மற்றவர்களில் பலர் கனடாவிலும் இலண்டனிலும் இருக்கிறார்கள். வகுப்பில் முதலாவதாக வந்த பெண் மட்டும் வாவிக்கரையை விட்டுப் போகவில்லை. பாடசாலையொன்றில் விவசாயம் கற்பிக்கிறாள். படுவான்கரைக்காரனின் செய்முறைக் கொப்பி அவளிடம் இருக்கிறது. ஜூன் மாதத்தில் பார்த்து எழுத வாங்கினாளாம். மண்ணின் நீர்ப்பிடிப்பைக் கணக்கிட்ட பக்கத்தின் ஓரத்தில், பென்சிலால், கூத்துத் தாளக்கட்டு ஒன்று பாதி எழுதப்பட்டிருக்கிறது.