ஏலி (விவிலியம்)

ஏலி என்பவர் விவிலியத்தின் பழைய ஏற்பாட்டில் இடம்பெறும் ஒரு குரு ஆவார். இசுரயேலில் அரசாட்சி ஏற்படுவதற்கு முன், சீலோவில் இருந்த ஆண்டவரின் இல்லத்தில் இவர் பணியாற்றினார். 40 ஆண்டுகள் நீதித்தலைவராகவும் இருந்தார் (கிரேக்க மொழிபெயர்ப்பாகிய செப்துவசிந்தாவில் 20 ஆண்டுகள்). இறைவாக்கினர் சாமுவேலைச் சிறுவயதில் வளர்த்தவர் இவரே. இவரது வரலாறு 1 சாமுவேல் நூலின் முதல் நான்கு அதிகாரங்களில் காணப்படுகிறது. பிள்ளைகளின் குற்றத்தில் பெற்றோருக்குள்ள பொறுப்பைப் பற்றிய விவிலியப் போதனைக்கு இவரது வாழ்வு முதன்மையான எடுத்துக்காட்டாகக் கொள்ளப்படுகிறது.

புதல்வர்களின் குற்றம்

ஏலியின் புதல்வர்களான ஓப்னி, பினகாசு ஆகிய இருவரும் குருக்களாக இருந்தனர். பலிப்பொருளில் மார்புப் பகுதியும் வலது தொடையும் குருக்களுக்கு உரியவை. கொழுப்பு ஆண்டவருக்கென எரிக்கப்பட வேண்டும் என்பது லேவியர் நூலின் சட்டம். ஆனால் இவர்களின் பணியாள் மூன்று முனைகளுள்ள முள்கரண்டியுடன் வந்து, வேகும் இறைச்சியில் அகப்பட்டதை எல்லாம் எடுத்துச் சென்றான். கொழுப்பை எரிக்கும் முன்பே பச்சை இறைச்சியைக் கேட்டு, மறுத்தவர்களை அச்சுறுத்தினான். திருக்கூடார வாயிலில் பணிபுரிந்த பெண்களுடன் இவ்விருவரும் முறைகேடாக நடந்துகொண்டனர் எனவும் நூல் கூறுகிறது.

ஏலியின் கண்டிப்பு

முதுமையடைந்த ஏலி இவற்றை மக்கள் வழியாகக் கேள்வியுற்று மைந்தரைக் கண்டித்தார். மனிதருக்கு எதிரான குற்றத்தில் கடவுள் நடுவராக இருப்பார். கடவுளுக்கே எதிரான குற்றத்தில் பரிந்து பேசுபவர் யார் என்று கேட்டார். அவர்கள் செவிகொடுக்கவில்லை. எனினும் ஏலி அவர்களைப் பணியிலிருந்து நீக்கியதாக நூலில் குறிப்பில்லை.

பின்னர் இறையடியார் ஒருவர் வந்து, ஏலி கடவுளை விடத் தம் மைந்தரை மேலாக மதித்ததாகக் குற்றம் சாட்டினார். சிறுவன் சாமுவேலுக்கு இரவில் அருளப்பட்ட வாக்கும் இதையே உறுதிப்படுத்தியது. ஏலி அறிந்திருந்தும் அவர்களை அடக்கவில்லை என்பதே அதில் கூறப்படும் காரணம் ஆகும். அதைக் கேட்ட ஏலி, ஆண்டவர் தம் விருப்பப்படி செய்யட்டும் என ஏற்றுக்கொண்டார்.

விளைவு

பெலிஸ்தியருடன் நடந்த போரில் இசுரயேலர் முதலில் ஏறத்தாழ 4,000 பேரை இழந்தனர். உடன்படிக்கைப் பேழையைப் போர்க்களத்திற்குக் கொண்டுசென்ற பின் 30,000 காலாட்படையினர் மடிந்ததாக நூல் கூறுகிறது. ஓப்னியும் பினகாசும் ஒரே நாளில் இறந்தனர், பேழையும் கைப்பற்றப்பட்டது. அப்போது 98 வயதாகிப் பார்வை இழந்திருந்த ஏலி, பேழையைப் பற்றிய செய்தியைக் கேட்டதும் இருக்கையிலிருந்து பின்புறமாக விழுந்து கழுத்து முறிந்து இறந்தார். பிற்காலத்தில் ஏலியின் வழிவந்த அபியத்தாரைச் சாலமோன் அரசர் குருத்துவப் பணியிலிருந்து நீக்கினார். ஏலியின் வீட்டைப் பற்றிய வாக்கு இதனால் நிறைவேறியது என 1 அரசர்கள் நூல் குறிப்பிடுகிறது.

பொறுப்பு குறித்த கேள்வி

பிள்ளைகளின் குற்றத்திற்காகத் தந்தையரைக் கொல்லலாகாது என்று இணைச் சட்டம் 24:16 கூறுகிறது. அவரவர் பாவத்திற்கு அவரவரே பொறுப்பு என்பதை எசேக்கியேல் 18ஆம் அதிகாரம் விரிவாக வலியுறுத்துகிறது. ஏலியின் தண்டனை இவற்றுக்கு முரணானதா என்ற கேள்வி இதனால் எழுகிறது. மைந்தரின் பாவம் ஏலியின் மேல் சுமத்தப்படவில்லை, தடுக்கும் அதிகாரம் இருந்தும் தடுக்காத அவரது சொந்தத் தவறே தண்டிக்கப்பட்டது என்பது பொதுவான விளக்கம். ஆயினும் தண்டனை வழித்தோன்றல்களையும் தொடர்வதால், இவ்விளக்கம் முரண்பாட்டை முழுவதும் தீர்ப்பதில்லை.

சாமுவேலின் புதல்வர்களான யோவேல், அபியா ஆகியோரும் கையூட்டுப் பெற்று நீதியைப் புரட்டினர். ஆனால் அதற்காகச் சாமுவேல் தண்டிக்கப்பட்டதாக நூலில் இல்லை. எனவே, பிள்ளைகள் தவறினால் பெற்றோர் எப்போதும் குற்றவாளிகளே என்பது விவிலியத்தின் பொதுவிதி அன்று.

பிற்கால விளக்கங்கள்

பாபிலோனியத் தல்மூதின் சபாத்து பகுதியில், ஏலியின் மைந்தர் பெண்களிடம் தவறினர் என்பதை மறுக்கும் கருத்து ஒன்று உள்ளது. அதன்படி, பெண்கள் கொண்டுவந்த பறவைப் பலிகளைக் காலந்தாழ்த்தியதே அவர்களின் குற்றமாகும். கிறித்தவ மரபில் யோவான் கிறிசோசுத்தோம், பிள்ளைகளைத் திருத்தாத தந்தையருக்கு எச்சரிக்கையாக ஏலியைக் காட்டினார். தன் வீட்டை நடத்தத் தெரியாதவர் இறைமக்களை எவ்வாறு கவனிப்பார் என்று கேட்கும் 1 திமொத்தேயு 3ஆம் அதிகாரமும் இவ்விளக்கங்களோடு சேர்த்து வாசிக்கப்படுகிறது.