சின்னப்பம்பட்டியின் கை

சாஃப்ட்பாலில் பந்து வீசுபவர் கையைக் காற்றாலைபோல் முழுவட்டம் சுழற்றி இடுப்பருகே விடுகிறார். கிரிக்கெட்டிலும் ஆதியில் கீழிருந்துதான் வீசினார்கள். தோளுக்கு மேலிருந்து வீசுவது 1864இல்தான் சட்டமானது. முழங்கை 15 டிகிரிக்கு மேல் நிமிரக் கூடாது என்பது இன்றைய விதி.

அந்த விதியில்தான் சேலம் மாவட்டத்துச் சின்னப்பம்பட்டிப் பந்துவீச்சாளர் நடராஜன் சிக்கினார். டென்னிஸ் பந்தில் யார்க்கர் பழகியவர்; ஊர்க்காரர் ஜெயபிரகாஷ் ஊக்கத்தால் சென்னை வந்தவர். 2015இல் ரஞ்சிக் கோப்பையில் அறிமுகமானதுமே வீச்சுமுறைமீது புகார்.

பழகிப்போன கையைத் திருத்துவது புதிதாகக் கற்பதைவிடக் கடினம். சுனில் சுப்ரமணியம் உள்ளிட்ட பயிற்சியாளர்கள் துணையோடு அதைச் செய்துகாட்டினார். பிறகு இந்திய அணியின் ஆஸ்திரேலியப் பயணத்தில் அறிமுகமானார்: 2020 டிசம்பரில் கான்பெராவில் ஒருநாள், டி20; 2021 ஜனவரியில் பிரிஸ்பேனில் டெஸ்ட். ஒரே பயணத்தில் மூன்று அறிமுகங்கள், எந்த இந்தியருக்கும் அதுவரை வாய்க்காதது!

2023 ஜூனில் அதே சின்னப்பம்பட்டியில், அவர் பெயரிலான நடராஜன் கிரிக்கெட் மைதானத்தைக் கிரிக்கெட் வீரர் தினேஷ் கார்த்திக் திறந்துவைத்தார்.