உத்தியோகத்தின் மிச்ச நேரம்

தமிழ்ப் பதிப்பு வரலாற்றையும் நாவல் வரலாற்றையும் படிப்பவர்கள் பெரும்பாலும் நூலின் பெயரையும் வெளியான ஆண்டையும் குறித்துக்கொண்டு நகர்ந்துவிடுவார்கள். அந்த ஆண்டில் அந்நூலாசிரியர் எந்த அலுவலகத்தில் என்ன வேலை பார்த்துக்கொண்டிருந்தார் என்பதையும் பக்கத்தில் எழுதிப் பார்த்தால், பழகிய பட்டியல் புதிதாகத் தெரியத் தொடங்கும். பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் நவீனத் தமிழுக்கு அடித்தளம் இட்டவர்களில் கணிசமானோர் முழுநேர உத்தியோகஸ்தர்கள். ஒருவர் முன்சீப், ஒருவர் அரசாங்கக் கணக்குச்சாலை அதிகாரி, ஒருவர் தபால் இலாகாவில் கண்காணிப்பாளர், ஒருவர் உப்பு இலாகா அதிகாரி, ஒருவர் கல்லூரித் தமிழாசிரியர். பகலில் சம்பளத்துக்கு உழைத்துவிட்டு, மிச்சமிருந்த நேரத்தில் அவர்கள் செய்த இரண்டாவது வேலைதான் இன்று நம் இலக்கிய வரலாறாக இருக்கிறது. அந்த இரண்டாவது வேலைக்குப் பெரும்பாலும் ஊதியம் கிடையாது. பல சமயங்களில் கைப்பணமும் அதோடு போயிற்று.

இவர்களைப் பற்றிப் பேசும்போது தமிழ்ப்பற்று, அயராத உழைப்பு என்னும் இரண்டு சொற்களோடு நிறுத்திக்கொள்வது நம் வழக்கம். இரண்டும் உண்மைதான். ஆனால் ஒருவர் ஏன் தனித்தனிக் கட்டுரைகளாகவே எழுதினார், இன்னொருவர் ஏன் ஐம்பது வயதுக்குப் பிறகே வேகமெடுத்தார், மற்றொருவருடைய நாவலின் மூன்றாம் பாகம் ஏன் கால் நூற்றாண்டு காத்திருந்தது என்றெல்லாம் கேட்டால் பற்று அதற்கு விடை சொல்லாது. அவர்களுடைய உத்தியோகத்தைக் கேட்டால் ஓரளவு சொல்லும்.

மாயூரம் வேதநாயகம் பிள்ளையிலிருந்து தொடங்கலாம். 1826-ல் பிறந்தவர். 1857-ல் தரங்கம்பாடியில் முன்சீப்பாகி, பின் சீர்காழியிலும் மாயூரத்திலும் பணியாற்றி, 1872-ல் பதவியை விட்டு விலகினார். பதவியில் இருந்த காலத்தில் அவர் வெளியிட்டவை எவை என்று பாருங்கள். 1859-ல் நீதிநூல். 1862-ல் உயர்நீதிமன்றத் தீர்ப்புகளைத் தமிழில் சுருக்கித் தந்த சித்தாந்த சங்கிரகம். 1869-ல் பெண்மதிமாலை. முதலாவது, ஒன்றோடொன்று கதைத் தொடர்பில்லாத செய்யுள்களால் ஆனது. இரண்டாவது, அவருடைய பகல் வேலையிலிருந்தே விளைந்தது. தமிழின் முதல் நாவல் என்று சொல்லப்படும் பிரதாப முதலியார் சரித்திரமோ 1879-ல், பதவி விலகி ஏழு ஆண்டுகள் கழிந்த பின் அச்சாகிறது. அதற்கு முந்திய ஆண்டில் சர்வ சமய சமரசக் கீர்த்தனை. 1887-ல் சுகுண சுந்தரி. ஒரு செய்யுளை இரண்டு வழக்குகளுக்கு நடுவே மனத்துக்குள் கட்டி முடித்துவிடலாம். கிளைக்கதைகள் மண்டிய நீண்ட உரைநடை நூலுக்கு நேற்று விட்ட இடத்தில் இன்று தொடரும் வசதி வேண்டும். முன்சீப் கச்சேரி அந்த வசதியைத் தரவில்லை என்றே எண்ணத் தோன்றுகிறது.

சி.வை. தாமோதரம் பிள்ளையின் பட்டியல் இதை இன்னும் தெளிவாகக் காட்டும். யாழ்ப்பாணத்துச் சிறுப்பிட்டியில் 1832-ல் பிறந்து, வட்டுக்கோட்டையில் பயின்று, பெர்சிவல் பாதிரியாரின் அழைப்பில் தினவர்த்தமானி இதழை நடத்தச் சென்னைக்கு வந்தவர். சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் பட்டதாரிகளுள் ஒருவர். பின்னர் அரசாங்கக் கணக்குச்சாலையில் பணியேற்று உயர்ந்து, 1882-ல் ஓய்வு பெற்றார். உத்தியோகக் காலத்தில் அவர் பெயரோடு வந்த பெரும் பதிப்புகள் இரண்டு: 1868-ல் ஆறுமுக நாவலர் பரிசோதித்த தொல்காப்பியச் சொல்லதிகாரம் சேனாவரையம், 1881-ல் வீரசோழியம். ஓய்வுக்குப் பின் வந்தவற்றைப் பாருங்கள். 1883-ல் இறையனார் அகப்பொருளும் தணிகைப் புராணமும், 1885-ல் தொல்காப்பியப் பொருளதிகாரம், 1887-ல் கலித்தொகை, 1889-ல் இலக்கண விளக்கமும் சூளாமணியும், 1891-ல் தொல்காப்பிய எழுத்ததிகாரம். இத்தனைக்கும் அந்தப் பத்தாண்டில் அவர் சும்மா இருக்கவில்லை. கும்பகோணத்தில் வழக்கறிஞராக இருந்தார். புதுக்கோட்டைச் சமஸ்தானத்தில் நீதிபதியாகவும் அமர்ந்தார். இருந்தும் வேகம் கூடியிருக்கிறது. ஓய்வூதியம் என்கிற ஏற்பாடு பழந்தமிழுக்குச் செய்த உதவியைப் பற்றி யாரும் தனியாக எழுதியதாகத் தெரியவில்லை, எழுதத்தக்கது.

பணத்தைப் பொறுத்தவரை இந்த இரண்டாவது வேலை வருமானம் தருவதாக இருக்கவில்லை. ஏடு தேட ஆள் வேண்டும், பிரதி செய்ய ஆள் வேண்டும், அச்சுக்கூலி வேண்டும், காகிதம் வேண்டும். வாங்குவதாக முன்கூட்டியே கையொப்பம் இடும் கனவான்களை நம்பித்தான் அன்று நூல் அச்சேறியது. கையொப்பம் இட்ட எல்லோரும் பணம் அனுப்பிவிடுவதில்லை. மாதச் சம்பளம் என்ற ஒன்று பின்னால் இருந்ததால்தான் அந்த நஷ்டத்தைத் தாங்கிக்கொண்டு அடுத்த நூலுக்குப் போக முடிந்தது. உத்தியோகம் நேரத்தைத் தின்றது. அதே உத்தியோகம்தான் அச்சுக்கூலியும் கொடுத்தது. இந்தக் கணக்கில் ஒரு பக்கத்தை மட்டும் எழுதுவது நியாயமாகாது.

உ.வே. சாமிநாதையரின் நிலை சற்று வேறு. 1880-ல் கும்பகோணம் கல்லூரியில் தியாகராச செட்டியார் விட்ட இடத்தில் தமிழாசிரியராக அமர்ந்தார். அவ்வூருக்கு முன்சீப்பாக வந்திருந்த சேலம் இராமசாமி முதலியார்தான் சீவக சிந்தாமணியைப் படித்திருக்கிறீர்களா என்று அவரைக் கேட்டு, அவருடைய வாழ்க்கையின் போக்கையே மாற்றியவர். அந்தக் கேள்வியும் ஓர் உத்தியோகஸ்தரின் மிச்ச நேரத்தில் பிறந்த கேள்விதான். சிந்தாமணி அச்சாகி வெளிவந்தது 1887-ல். இடையில் ஏழு ஆண்டுகள். கல்லூரி கும்பகோணத்தில், அச்சுக்கூடம் சென்னையில். ஆனால் ஆசிரியர் உத்தியோகத்துக்கு மற்ற உத்தியோகங்களுக்கு இல்லாத ஒன்று இருந்தது: நீண்ட விடுமுறை. ஊர் ஊராக ஏடு தேடி அலைந்ததும் அச்சு வேலைக்காகச் சென்னை சென்று தங்கியதும் விடுமுறைகளை நம்பி நடந்த காரியங்கள். பத்துப்பாட்டு 1889, சிலப்பதிகாரம் 1892, புறநானூறு 1894, மணிமேகலை 1898 என்று அவருடைய பதிப்புகள் பணிக்காலத்திலேயே வரிசையாக வந்ததற்கு இதுவும் ஒரு காரணம். பகல் வேலையும் தமிழ், இரவு வேலையும் தமிழ் என்று அமைந்தது இன்னொரு காரணம். சிந்தாமணியைத் தம்மிடம் ஒப்படைத்துவிடும்படி தாமோதரம் பிள்ளை கேட்டதையும் தாம் இணங்காததையும் ஐயர் தம் சுயசரிதத்தில் எழுதியிருக்கிறார். அதை இரு பெரியவர்களின் பூசலாகச் சுவைத்துப் பேசுவோர் உண்டு. அரசாங்க வேலையிலிருந்து விடுபட்டுவிட்ட ஒருவரும், வகுப்பு முடிந்த பின்னரே ஏட்டைத் தொட முடிந்த ஒருவரும் ஒரே நூலை முன்னிட்டு எதிரெதிரே நின்ற தருணமாகவும் அதைப் படிக்கலாம்.

விடுமுறையோ ஓய்வோ வாய்க்காதவர் என்ன செய்வார்? வி. கனகசபைப் பிள்ளையைச் சொல்லலாம். 1855-ல் பிறந்தவர், தபால் இலாகாவில் கண்காணிப்பாளர். ஆயிரத்தெண்ணூறு ஆண்டுகளுக்கு முற்பட்ட தமிழர் என்று பொருள்படும் தலைப்பில் அவர் எழுதிய ஆங்கில நூல் 1904-ல் வெளிவந்தது. சங்க இலக்கியத்தை வரலாற்றுச் சான்றாக வைத்துப் பேசிய முன்னோடி நூல்களில் அது ஒன்று. காலக்கணிப்பில் அதன் முடிவுகள் பல பின்னாளில் மறுக்கப்பட்டன என்றாலும் அதன் இடம் குறையவில்லை. அந்நூல் நூலாக எழுதப்படவில்லை என்பதுதான் இங்கே நமக்கு வேண்டிய செய்தி. 1895 முதல் 1901 வரை மெட்ராஸ் ரிவ்யூ இதழில் கட்டுரைகளாக வந்தவற்றின் தொகுப்பு அது. அதற்கு முன்பே இந்தியன் ஆன்டிகுவரியில் களவழி, கலிங்கத்துப்பரணி, விக்கிரமசோழன் உலா ஆகியவற்றைப் பற்றித் தனித்தனியே எழுதியிருந்தார். பெரிய காரியத்தைத் துண்டு துண்டாக நறுக்கி, ஒவ்வொரு துண்டும் தன்னளவில் முடிந்திருக்குமாறு செய்துகொள்வது, மிச்ச நேரத்தில் வேலை செய்பவன் கண்டுபிடிக்கும் தந்திரம். நூல் வெளிவந்து இரண்டு ஆண்டுகளில், 1906-ல், ஐம்பது வயதில் அவர் காலமானார். ஓய்வுக்குப் பிந்திய பத்தாண்டு தாமோதரம் பிள்ளைக்குக் கிடைத்தது. கனகசபைப் பிள்ளைக்குக் கிடைக்கவில்லை.

அ. மாதவையாவின் கதைதான் என்னை அதிகம் தொந்தரவு செய்வது. 1872-ல் பெருங்குளத்தில் பிறந்தவர். உப்பு, ஆயத்தீர்வை இலாகாவில் அதிகாரி. பத்மாவதி சரித்திரத்தின் முதல் பாகம் 1898-லும் இரண்டாம் பாகம் 1899-லும் வெளிவந்தன. அப்போது அவருக்கு வயது முப்பதுகூட ஆகவில்லை. அதன்பின் அவர் எழுதாமல் இல்லை. முத்துமீனாட்சி, ஆங்கிலத்தில் தில்லை கோவிந்தன், 1915-ல் கிளாரிந்தா என்று நூல்கள் வந்தபடி இருந்தன. குசிகர் என்ற புனைபெயரில் ஹிந்து நாளிதழில் ஆங்கிலச் சிறுகதைகள் எழுதினார். ஆனால் பத்மாவதி சரித்திரத்தின் மூன்றாம் பாகம் மட்டும் வரவில்லை. முன்கூட்டியே ஓய்வு பெற்று, அச்சகம் வைத்து, 1924-ல் பஞ்சாமிர்தம் என்ற மாத இதழைத் தொடங்கிய பிறகுதான் அதை எழுத ஆரம்பித்தார். 1925 அக்டோபர் 22 அன்று, சென்னைப் பல்கலைக்கழகச் செனட் கூட்டத்தில் தமிழைப் பட்டப்படிப்பில் கட்டாயப் பாடமாக்க வேண்டும் என்று பேசி அமர்ந்தவர் அங்கேயே உயிர்நீத்தார். மூன்றாம் பாகம் முற்றுப்பெறவில்லை. அப்போது அவருக்கு வயது ஐம்பத்து மூன்று. அரசாங்க உத்தியோகஸ்தர்கள் வழக்கமாக ஓய்வு பெறும் வயது அன்று ஐம்பத்தைந்து. முழுப் பணிக்காலத்தையும் முடித்துக்கொண்டு வரலாம் என்று அவர் இருந்திருந்தால் பஞ்சாமிர்தமே வந்திராது. வேலையைத் துறந்து வந்தும் நாவலை முடிக்கக் காலம் போதவில்லை.

இந்தப் பட்டியலில் பெண் பெயர் ஒன்றுகூட இல்லை என்பதைக் கவனித்திருப்பீர்கள். உத்தியோகம், விடுமுறை, ஓய்வூதியம் ஆகிய மூன்றும் அன்று ஆண்களுக்கே உரியவையாக இருந்தன. மாலையில் வீடு திரும்பியவர் விளக்கருகே ஏட்டோடு உட்கார முடிந்ததென்றால், அந்த வீட்டின் மற்ற வேலைகளை வேறொருவர் செய்துகொண்டிருந்தார் என்று பொருள். மாதவையா மறைந்த அதே 1925-ல் ஜகன்மோகினி இதழை ஏற்று நடத்தத் தொடங்கிய வை.மு. கோதைநாயகி அம்மாளை இங்கே நினைத்துக்கொள்ள வேண்டும். தம் முதல் படைப்பான இந்திர மோகனாவை, எழுதப் பழக்கம் போதாத காரணத்தால், தோழி ஒருவரிடம் வாய்மொழியாகச் சொல்லி எழுதுவித்தார். பின்னர் நூற்றுக்கு மேற்பட்ட நாவல்கள் எழுதினார். அவற்றின் தரத்தைப் பற்றி விமர்சகர்கள் கறாராகவே பேசியிருக்கிறார்கள். குடும்பம் என்னும் முழுநேர வேலைக்கு மாலை ஐந்து மணி கிடையாது, ஓய்வு பெறும் வயதும் கிடையாது என்பதை அந்தத் தராசில் யாரும் வைத்துப் பார்த்ததில்லை.

வேலைக்கும் விருப்பத்துக்கும் இடையே சமநிலை காண்பது பற்றி இப்போது நிறையப் பேசப்படுகிறது. மேலே சொன்ன வாழ்க்கைகளில் நான் சமநிலை எதையும் காணவில்லை. சம்பள வேலை தனக்கு வேண்டியதை முதலில் எடுத்துக்கொண்டது. எஞ்சியது எவ்வளவோ அதன் அளவுக்கும் வடிவத்துக்கும் ஏற்ப மற்ற வேலை தன்னை வெட்டிக்கொண்டது. நேரம் துண்டாகக் கிடைத்தவர் செய்யுளும் கட்டுரையும் செய்தார். விடுமுறை கிடைத்தவர் பதிப்பித்தார். ஓய்வூதியம் வரை ஆயுள் இருந்தவர் பெரிய நூல்களை முடித்தார். மற்றவர்களின் பெரிய நூல்கள் அவர்களோடு போயின. அவற்றுக்கு வெளியான ஆண்டு இல்லாததால் எந்தப் பட்டியலிலும் அவை இடம்பெறவில்லை.

இன்றும் தமிழில் எழுதுபவர்களில் மிகப் பெரும்பாலோர் வேறெங்கோ சம்பளம் வாங்குபவர்கள்தாம். ஓய்வூதியம் உள்ள வேலைகள் சுருங்கிவிட்டன. கைபேசி வழியாக அலுவலகம் வீட்டுக்குள்ளும் வந்துவிட்டது. ஓய்வு பெற்றபின் எழுதிக்கொள்ளலாம் என்று ஒரு நாவலை மனத்துக்குள் வைத்திருக்கும் நண்பர்களுக்கு நான் சொல்லக்கூடியது இதுதான்: தாமோதரம் பிள்ளைக்கு அமைந்தது போல எல்லோருக்கும் அமைவதில்லை. கனகசபைப் பிள்ளையைப் போல இந்த மாதத்துக்கு ஒரு துண்டு என்று எழுதி வையுங்கள். நூலாக்குவதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.