காசநோய் ஆய்வில் குடும்பங்களின் பங்கு

கூட்டேரிப்பட்டு, மயிலம், திண்டிவனம் ஆகிய ஊர்களிலிருந்து சென்னைக்கு ரயிலில் செல்வோர், தாம்பரத்தைக் கடந்ததும் ‘தாம்பரம் சானடோரியம்’ என்னும் பெயர்ப்பலகையைக் காண்பர். ஒரு மருத்துவ விடுதியின் பெயரே ரயில் நிலையத்திற்கும் பெயராயிற்று. 1928-ஆம் ஆண்டில் டாக்டர் சவுரிமுத்து அவ்விடுதியைத் தோற்றுவித்தார். காசநோய்க்கு அக்காலத்தில் நேரான மருந்து இல்லை. தூய காற்று, ஓய்வு, சத்துள்ள உணவு ஆகிய மூன்றையும் நம்பியே நோயாளி மாதக்கணக்கில், சிலவேளை ஆண்டுக்கணக்கில், அங்கே கிடந்தார்.

1943-இல் ஸ்ட்ரெப்டோமைசின் கண்டறியப்பட்டது. 1952-இல் ஐசோனியாசிட் என்னும் மலிவான மாத்திரை வந்தது. மருந்து வந்த பின்னரும் நோயாளியை விடுதியில் வைத்தே குணப்படுத்த வேண்டும் என்பதே உலக மருத்துவர்களின் பொதுக் கருத்தாயிருந்தது. நம் நாட்டிலோ நோயாளிகள் பல லட்சம் பேர். படுக்கைகள் சில ஆயிரமே. அன்றியும், நிலக்கடலை பயிரிடும் ஒரு குடும்பத்தை எண்ணிப் பாருங்கள் (நம் பக்கத்தில் மல்லாட்டை என்போமே, அதுதான்). களை எடுக்கவும் காய் பறிக்கவும் கைகள் வேண்டிய வீட்டில், ஒருவர் ஓராண்டு விடுதியிற் சென்று படுத்தால் அடுப்பு எரிவது எப்படி?

இவ்வினாவிற்கு விடை காண 1956-இல் சென்னையில் காசநோய் மருந்துச் சிகிச்சை நிலையம் தொடங்கப்பெற்றது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், சென்னை மாநில அரசு, உலக சுகாதார நிறுவனம், பிரிட்டிஷ் மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் ஆகிய நான்கும் இதில் கைகோத்தன. டாக்டர் வாலஸ் ஃபாக்ஸ் தொடக்க ஆண்டுகளில் இதனை நடத்தினார். சேத்துப்பட்டில் இன்றுள்ள தேசிய காசநோய் ஆராய்ச்சி நிறுவனம் இதன் வழிவந்ததே.

நகரின் ஏழை நோயாளிகள் குலுக்கல் முறையில் இரு பிரிவாக்கப்பட்டனர். ஒரு பிரிவினர் விடுதிக்குச் சென்றனர். மறு பிரிவினர் தத்தம் வீட்டிலேயே இருந்தனர். இரு சாராருக்கும் ஓராண்டுக் காலம் ஐசோனியாசிட்டும் பி.ஏ.எஸ். என்னும் மருந்தும் சேர்த்துக் கொடுக்கப்பட்டன. மொத்தத்தில் இருநூறு பேருக்கும் குறைவானவர்களே இந்த ஆய்வில் இருந்தனர். ஆயினும் அதன் முடிவை உலகமே எதிர்நோக்கியிருந்தது.

இனி, வீட்டில் நடந்ததைக் கவனியுங்கள். பி.ஏ.எஸ். விழுங்குவதற்கு இனிய மருந்தன்று, அளவும் மிகுதி, வயிற்றைப் புரட்டும். சில வாரங்களில் இருமல் தணிந்து உடல் தேறியதும், ‘இனி எதற்கு மருந்து?’ என்று தோன்றுவது இயல்பு. விடுதியிலேனும் செவிலியர் உண்டு. வீட்டிலோ மருந்தை மறவாமல் எடுத்துக் கொடுக்க மனைவியோ தாயோ மகனோதான் உண்டு. நிலையத்தின் செவிலியர் முன்னறிவிப்பின்றி வீட்டிற்கு வந்து மாத்திரைகளை எண்ணுவர். மருந்து உட்சென்றதா என்றறியச் சிறுநீரைச் சோதனைக்கு எடுப்பர். குடும்பத்தாரும் தாமே எக்ஸ்-ரே படத்திற்கும் சளிப் பரிசோதனைக்கும் உட்பட வேண்டும். அண்டை அயலார் அறிந்தால் பெண் கொள்ளவும் கொடுக்கவும் தயங்குகின்ற நோய் அது. அத்தகைய நோயைச் சோதிக்க வருவோருக்குத் தெருவறியக் கதவைத் திறந்துவிட்டவர்கள் அவர்கள். அந்த ஆய்வின் உண்மையான சோதனைக்கூடம் அவ்வீடுகளே என்பது என் கருத்து.

முடிவு 1959-இல் வெளியாயிற்று. ஓராண்டிறுதியில் விடுதி நோயாளிகளில் நூற்றுக்கு 92 பேருக்கும், வீட்டு நோயாளிகளில் நூற்றுக்கு 86 பேருக்கும் நோய் அடங்கியிருந்தது. விடுதியினர் நல்லுணவு உண்டனர், ஓய்வு பெற்றனர், உடல் எடையும் மிகுதியாகக் கூடினர். வீட்டினர் நெருக்கடியில் வாழ்ந்தனர், குறைவாகவே உண்டனர். இருந்தும் வேறுபாடு இவ்வளவே!

எனினும் பெரிய அச்சம் ஒன்று இருந்தது. இருமும் தந்தையின் அருகில் படுத்துறங்கும் குழந்தையின் கதி என்ன? இரு பிரிவுக் குடும்பத்தாரையும் ஐந்தாண்டுகள் தொடர்ந்து சோதித்தே இதற்கு விடை கண்டனர். நோயாளி வீட்டில் இருந்தமையால் மற்றவர்க்கு நோய் மிகவில்லை என்று 1966-இல் அறிவித்தனர். தொற்று பெரும்பாலும் நோய் கண்டறியப்படுவதற்கு முன்பே நிகழ்ந்துவிடுகிறது. மருந்து தொடங்கியதும் பரவும் வேகம் தணிகிறது. ஆனால் 1956-இல் இதை எவரும் உறுதியாக அறிந்திலர். அறியாத ஒன்றைத் தம் பிள்ளைகளோடு ஒரே கூரையின் கீழ் வைத்து அறிந்து சொன்னவர்கள் அக்குடும்பத்தார். 1962-இல் தொடங்கிய தேசியக் காசநோய்த் திட்டம் வீட்டுச் சிகிச்சையையே அடிப்படையாகக் கொண்டது. பிற நாடுகளிலும் விடுதிகள் ஒவ்வொன்றாக மூடப்பட்டன.

இவர்களைப் பங்காளிகள் எனலாமா? உழைப்பில் பங்காளிகளே, வினாவை அமைப்பதில் அல்லர். எதை ஆராய்வது, எதை அளப்பது என்பவற்றை வல்லுநர்களே வகுத்தனர். மருத்துவ ஆய்வின் நெறிகளைக் கூறும் ஹெல்சிங்கி அறிக்கை 1964-இல் எழுந்தது. அது மனிதரை ஆய்வுக்கு ‘உட்படுவோர்’ என்று நெடுங்காலம் குறித்துவந்தது. 2024-இல் திருத்தியபோதுதான் ‘பங்கேற்போர்’ என்று மாற்றினர். ஆய்வுக்கு முன்னும், நடக்கும்போதும், முடிந்த பின்னும் அவர்களையும் சமுதாயத்தையும் கலந்துகொள்ள வேண்டும் என்றும் சேர்த்தனர். ஒரு சொல்லை மாற்ற அறுபது ஆண்டுகள்!

அன்று சென்னையின் ஒரு தாயை அழைத்து, ‘உமக்கு எது தெரியவேண்டும்?’ என்று கேட்டிருந்தால் அவள் என்ன சொல்லியிருப்பாள்? மருந்து இருந்தால் நல்லுணவு இல்லாமலே நோயாளி குணமடைவார் என்று ஆய்வு காட்டியது, அது உண்மையே. ஆனால் அவளோ, நோயாளியைச் சுற்றி அரைவயிற்றோடு இருக்கும் பிள்ளைகளைப் பற்றிக் கேட்டிருப்பாள் என்றே நினைக்கிறேன். அக்கேள்வி பெரிய அளவில் சோதிக்கப்பட்டது 2019 முதல் 2022 வரை, ஜார்க்கண்டில். நோயாளியின் வீட்டாருக்கு மாதந்தோறும் அரிசியும் பருப்பும் சத்து மாத்திரைகளும் கொடுத்துப் பார்த்தனர். 2023-இல் வெளியான முடிவின்படி, அவ்வுணவு பெற்ற குடும்பங்களில் புதிதாகக் காசநோய் தோன்றுவது நூற்றுக்கு 39 பங்கு குறைந்திருந்தது.